இந்தப் பையன் வேண்டாம்

கடவுள் சிலருக்கு நல்ல குரலைக் கொடுக்கிறார், சிலருக்குக் கைராசியைக் கொடுக்கிறார். சலவைக்கடையம்மாவுக்கு அவர் அள்ளி அள்ளிக் கொடுத்தது அபிப்பிராயம். அதிலும் காதல் நாவல்களைப் பற்றிய அபிப்பிராயம் என்றால் அவளுக்கு வாய் ஓயாது. காதல் என்றால் பூங்காவில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சைவக் காதல் இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மூச்சு முட்டுகிற, கதவைச் சாத்த மறந்துபோகிற காதல்.

பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஐம்பதைத் தொட்ட மனுஷி. காலையில் கடையைத் திறக்கும் முன் ஷட்டரின் மேல் கை வைத்து, கண்ணை மூடி, அன்றைக்கு வரப்போகிற அத்தனை பேருக்கும் நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். அப்புறம் நாள் முழுக்க நீராவி இஸ்திரிப்பெட்டியும் கையுமாக நிற்பாள். பிற்பகலில் கூட்டம் ஓய்ந்ததும், சட்டைகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால் இடுப்பு வலி, கால் வலி எல்லாம் பறந்துவிடும். இந்த விஷயத்தில் அவளுக்கும் கடவுளுக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. கதையில் கதவு திறந்திருக்கும் இடம் வந்தால் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். எழுத்து பெரிதாக இருந்து கண்ணாடி இல்லாமலேயே தெரிந்துவிட்டால், அது அச்சடித்தவன் பாவம். அவள் கணக்கில் சேராது.

புத்தகங்களைக் கொண்டுவந்து தருபவள் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. பொது நூலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்துகிற வேலை. முகத்தைப் பார்த்தால் சட்டப் புத்தகம் தவிர வேறெதையும் தொடாதவள் மாதிரி இருக்கும். அண்ணிக்குப் புத்தகம் எடுத்துத் தரும்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வரும். சட்டையில்லாத வாலிபர்கள் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கிற அட்டைகள் அவை. ஆனால் முக்காலிக்கு வந்து சேர்ந்த மறுநாளே, துணி பொதிகிற பழுப்புக் காகிதத்தில் அழகாக மடித்து, மூலை பிசகாமல் உறை போட்டிருக்கும். நாத்தனாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று சலவைக்கடையம்மா நினைத்துக்கொள்வாள்.

படித்து முடித்ததும் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டுமே. இருவரும் ஃபோனில் இரண்டே பேர் கொண்ட ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் "கல்யாணக் குழு". காரணம், சலவைக்கடையம்மா எந்தக் கதாநாயகனையும் கதாநாயகன் என்று சொன்னதில்லை. பையன் என்பாள். கதாநாயகி என்றால் பொண்ணு. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் கைகால் கழுவும் முன்பே ஆரம்பிப்பார்களே, அந்தத் தோரணையில் பையன் எப்படி, பொண்ணு எப்படி, இருவருக்கும் ஒத்துப்போகுமா, நாளைக்குக் கண்ணைக் கசக்குவாளா என்று அலசுவாள். ஒரு கையில் இஸ்திரிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். மறுகையின் முட்டியால் ஃபோனை அமுக்கிக்கொண்டு குரல்செய்தி அனுப்புவாள்.

சூட்டை அளக்க அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. இஸ்திரிப்பெட்டியில் இருக்கிற கணக்குதான். கண்ணால் பார்த்து, விரல் நுனி தொட்டு, அதோடு நிற்கிற கதை பட்டு. முத்தம் வரைக்கும் போனால் கம்பளி. அதைத் தாண்டினால் பருத்தி. எல்லாவற்றையும் தாண்டினால் "ஆவி பொத்தானை அமுக்கிட்டாங்க" என்பாள். அன்றைக்குக் கண்ணாடி மூக்கில் இருக்காது என்று நாத்தனார் புரிந்துகொள்வாள்.

சிறகு வைத்த இளவரசன் ஒருவனைப் பற்றி அவள் சொன்னதை நாத்தனார் நூலகத்தில் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுவது போல் ஒளிந்துகொண்டாள். பையனுக்கு முந்நூறு வயசு என்றாலும் பார்க்க முப்பது மாதிரி இருக்கிறானாம், அது போகட்டும். முதுகில் இவ்வளவு பெரிய இறக்கை இருக்கிறதே, அவன் சட்டை எப்படிப் போடுகிறான்? பின்னால் பிளவு வைத்துத் தைக்கிறார்களா, பொத்தானா, கொக்கியா? பக்கத்துக்குப் பக்கம் சட்டையைக் கழற்றுகிறான், ஒரு தடவையாவது திரும்பப் போட்டுக்கொள்வதைக் காட்டினார்களா? அவன் அரண்மனையில் துணி துவைக்கிறவளை நினைத்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பொண்ணு வெள்ளைப் பட்டு உடுத்திக்கொண்டு சேற்றுக் காட்டில் ஓடுகிறாள். அந்தக் கறை எந்த மந்திரத்துக்கும் போகாது. ஊரெல்லாம் சத்திரம் இருக்கிறது, ஆனால் இந்த ஜோடி போய்ச் சேருகிற சத்திரத்தில் மட்டும் எப்போது பார்த்தாலும் ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம். அந்த ராஜ்யத்தில் தச்சர்களே கிடையாதா?

இத்தனை கேலி செய்தாலும் அந்தப் பையனுக்கு அவள் பாஸ் போட்டுவிட்டாள். ஏனென்றால் அவளுடைய கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. ராத்திரி என்ன வேண்டுமானாலும் நடந்துவிட்டுப் போகட்டும், மறுநாள் காலைப் பக்கத்தில் அவன் என்ன செய்கிறான்? அவள் எழுந்ததும் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறானா, குளிருக்குப் போர்த்திவிடுகிறானா, அல்லது ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தன் பழைய சோகத்தைச் சொல்கிறானா? இறக்கைக்காரன் தன் இறக்கையை விரித்து, தூங்குகிறவள் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றானாம், கால் மரத்துப்போகும்வரை. அதைச் சொல்லும்போது சலவைக்கடையம்மாவின் குரல் கொஞ்சம் கம்மியது. அன்பு என்பது அவளுக்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆவி.

இப்படி ஊருக்கெல்லாம் பையன் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் பையனுக்கே நல்ல காரியம் கூடிவந்தது. மகன் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் பழுதாகி நின்ற நாளில் அங்கே வேலை பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் பெண்ணைப் பார்த்திருக்கிறான். பிடித்துப்போய்விட்டது. அவளுக்கும்தான். "லிஃப்ட்டுல பார்த்தோம்மா" என்று மட்டும் சொன்னான், காது சிவந்துபோய். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மாவுக்கோ மனசு குதியாட்டம் போட்டது. எத்தனை நாவலில் லிஃப்ட் நின்றிருக்கிறது! தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கா இப்படி ஒரு முதல் அத்தியாயம்!

ஒரே ஒரு கவலை, பெண்ணின் அம்மா. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்திருப்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர். கணவர் இல்லாமல் தனியாளாக மகளை வளர்த்தவர். சிரிப்பதற்கு லைசன்ஸ் வாங்க வேண்டும் என்பது போல் ஒரு முகம். முதல்முறை வீட்டுக்கு வந்தபோது செருப்பைக்கூடக் கோடு போட்டு நிறுத்தினார். "அவங்க சரின்னு சொல்லணும்மா. அவங்க சம்மதம் இல்லாம அவ வரமாட்டா. நானும் கூப்பிட மாட்டேன்" என்று மகன் தெளிவாகச் சொல்லியிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிட்டு, பேசி முடிப்பது என்று ஏற்பாடு. அதற்காக மகன் ஃபோனில் இரு வீட்டாருக்கும் ஒரு குழு ஆரம்பித்தான். பாவம், கற்பனை இல்லாத பிள்ளை. அதற்கு அவன் வைத்த பெயர் "கல்யாணக் குழு".

அந்த வாரம் நாத்தனார் கொண்டுவந்த புத்தகம் லிஃப்டில் ஆரம்பிக்கிற காதல். வேண்டுமென்றேதான் தேடி எடுத்திருந்தாள். பெரிய கம்பெனி முதலாளி, அவனிடம் வேலைக்குச் சேர்ந்த பொண்ணு, நடுவில் நின்றுபோகிற லிஃப்ட். சலவைக்கடையம்மா ஆசையாக உட்கார்ந்து, பாதியில் எரிச்சலாகி எழுந்துவிட்டாள். ஹோட்டல் ஒன்றின் மேஜைவிரிப்புகள் குவிந்து கிடந்தன. இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவியைக் கக்கியது, கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. ஃபோனில் கல்யாணக் குழு என்று தெரிந்த இடத்தில் ஈர முட்டியால் அமுக்கினாள். அமுக்கிக்கொண்டு பொரிந்து தள்ளினாள்.

"நாத்தனாரே, கேளு. இந்தப் பையன் வேண்டாம். பார்க்க லட்சணமாத்தான் இருக்கான், இல்லேன்னு சொல்லலை. ஆனா எதுக்கெடுத்தாலும் பல்லைக் கடிக்கிறான். பொண்ணு நல்ல பொண்ணுதான். என்ன பிரயோசனம், வாயைத் திறந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை. லிஃப்ட் நின்னுச்சே, அப்ப என்னென்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? சொல்லவே கூசுது. அவசர மணி கைக்கெட்டற தூரத்துல இருக்கு. அதை அடிக்கணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தோணணுமே. சட்டையில ஒரு பொத்தான் மிச்சமில்லை. கல்யாணம் நடக்கும், ஆனா நிலைக்காது, எழுதி வச்சுக்கோ. இப்படி ஒரு ஜோடி நமக்கு வேண்டவே வேண்டாம். நான் பாதியிலேயே மூடிட்டேன்."

சொல்லி முடித்ததும் மனசு லேசானது. மேஜைவிரிப்புகளை ஒரு பாட்டோடு முடித்தாள். அதற்குள் அவள் குரல் போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு முறை கேட்கப்பட்டு, பெண்ணின் அம்மா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்ற ஒற்றை வரி ஃபோனில் வந்து விழுந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மகன் வந்தபோது வேலை உடுப்பிலேயே இருந்தான். கையில் கிரீஸ். முகத்தில் ரத்தம் இல்லை.

"அம்மா, லிஃப்ட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

"எந்த லிஃப்ட்?"

"எந்த லிஃப்ட்டா? நானும் அவளும் பார்த்தோமே, அந்த லிஃப்ட்."

"அதுல என்னடா நடந்துச்சு?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே, கடவுள் மன்னிக்கட்டும், ஆர்வமாகத்தான் கேட்டாள்.

மகன் ஃபோனை நீட்டி அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினான். நாத்தனாரே கேளு, இந்தப் பையன் வேண்டாம் என்று ஆரம்பித்தது. பொண்ணு வரைக்கும் வந்தபோது இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவசர மணி வந்தபோது முக்காலியைத் தேடினாள். பாதியிலேயே மூடிட்டேன் என்று முடிந்தபோது கடைக்குள் இஸ்திரிப்பெட்டி மட்டும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் அம்மா என்ன சொன்னாராம் என்று கேட்டாள். பெற்ற தாயே வேண்டாம் என்று சொல்கிற பையனுக்கு நான் எப்படிப் பெண் கொடுப்பேன் என்றாராம். அதைவிட, மகளை எதிரே உட்கார வைத்து, லிஃப்டில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமே நடக்கவில்லை என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, அவர் அழுதிருக்கிறார். அவர் அழுது மகள் பார்த்ததே இல்லையாம்.

சலவைக்கடையம்மா நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். நாத்தனாரின் மூளை மின்னலாக வேலை செய்தது. யாரோ வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம் என்று சொல்லிவிடலாம் அண்ணி, அல்லது டிவி தொடர் என்று சொல்லலாம், டிவி தொடர் பார்ப்பது கௌரவமான விஷயம்தானே என்றாள். சலவைக்கடையம்மா ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சாய்ந்தாள். பொய் ரொம்பச் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருந்தது. ஆனால் அந்த அம்மா அழுதிருக்கிறார். பொய்யைச் சொன்னால் தன் மானம் தப்பும், அவருடைய சந்தேகம் அப்படியே இருக்கும். கறையின் மேல் இஸ்திரி போட்டால் அது துணியோடு ஒன்றிப்போய்விடும் என்பது அவள் தினமும் பார்க்கிற விஷயம்.

மகனிடம் உள்ளதைச் சொன்னாள். முக்காலி, நாத்தனார், குழு, பட்டு, கம்பளி, பருத்தி எல்லாம். மகன் அவளையே பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"நீ இதெல்லாம் படிக்கிறது அப்பாவுக்குத் தெரியுமா?"

சட்டைக் கம்பிக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையை நீட்டினார். பொதுவாக அவர் பேசினால் கடையில் மழை பெய்யும் என்பார்கள். "உறை போடறது யாருன்னு நினைச்சே?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, மறுபடியும் சட்டைகளுக்குள் போய்விட்டார்.

இத்தனை காலமாக அந்த மூலை பிசகாத மடிப்பு இவருடையது! கடைக்கு வருகிறவர்கள் அந்த அட்டையைப் பார்த்து அவளை ஒரு மாதிரி பார்க்கக் கூடாது என்று, ஒரு வார்த்தை கேட்காமல், சொல்லாமல். வேறொரு நாளாக இருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இப்போது நேரமில்லை. அந்தப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடவுளே வாயை மட்டும் பார்த்துக்கொள் என்று வேண்டியபடி டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பினாள்.

பிரேக் டீச்சர் அப்போதுதான் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற இடத்தில் ஒரு பல் டாக்டர். ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்து நடுங்கியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவர் நடுங்கினார். பிரேக் டீச்சர் சலவைக்கடையம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"எனக்கு வகுப்பு இருக்கு. பேசித்தான் ஆகணும்னா பின்னால ஏறுங்க. சீட் பெல்ட் போடுங்க."

கார் தவளை மாதிரி இரண்டு முறை குதித்துவிட்டுப் புறப்பட்டது. சலவைக்கடையம்மா முன் இருக்கையின் தலைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அது உங்கள் பெண்ணைப் பற்றி இல்லை, என் பையனைப் பற்றியும் இல்லை, ஒரு புத்தகத்தைப் பற்றி என்றாள். பிரேக் டீச்சர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். புத்தகத்தில் வருகிறவர்களை யாராவது நமக்கு வேண்டாம், நமக்கு வேண்டும் என்று பேசுவார்களா என்று கேட்டார். நான் பேசுவேன் என்றாள் இவள். பொத்தான் தெறிக்கிற லிஃப்ட் எந்தப் புத்தகத்தில் வரும் என்றார் அவர். இவள் பழுப்புக் காகித உறையை உருவி, அட்டையை முன்னால் நீட்டினாள். பல் டாக்டர் ஒரு கண்ணால் பார்த்தார். கார் இடதுபக்கம் சாய்ந்தது.

"நீங்க ரோட்டைப் பாருங்க. படிங்க, கேட்கிறேன்" என்றார் பிரேக் டீச்சர். முதல் பாதி டாக்டருக்கு, இரண்டாம் பாதி இவளுக்கு.

சத்தமாகவா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. மகன் முகம் கண் முன்னால் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அந்த மாதிரி அத்தியாயத்துக்கு அவள் கண்ணாடியோடு வருவது இதுதான் முதல் தடவை. லிஃப்டுக்குள் விளக்கு அணைந்தது. அவன் மூச்சு அவள் கழுத்தில் அனலாய்ப் பட்டது. இனி உன்னால் என்னிடமிருந்து தப்ப முடியாது என்றான். அவள் இதயம் பறவையாய்ப் படபடத்தது.

"கியர் மாத்துங்க" என்றார் பிரேக் டீச்சர்.

அவன் கை அவள் இடையைச் சுற்றியது. அவள் விரல்கள் அவனுடைய முதல் பொத்தானைத் தொட்டன. சலவைக்கடையம்மாவுக்குக் காது மடல் எரிந்தது. இரண்டாவது பொத்தான் தெறித்தது. மூன்றாவது பொத்தானுக்கு முன்பு பிரேக் டீச்சரின் கால் தானாகப் போய் விழுந்தது. கார் நடுத்தெருவில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பல் டாக்டர் திரும்பினார். "அப்புறம்?" என்று கேட்டார்.

"அப்புறம் அவசர மணியை யாரும் அடிக்கலைங்க" என்றாள் சலவைக்கடையம்மா பரிதாபமாக. "அதுதான் எனக்குக் கோபம்."

பிரேக் டீச்சரின் தோள் லேசாக ஒரு தடவை குலுங்கியது. அழுகிறாரோ என்று இவள் பயந்தாள். வண்டியை எடுங்கள் டாக்டர் என்ற குரலில் ஏதோ ஒன்று இளகியிருந்தது. சலவைக்கடையம்மா புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள். உங்கள் பெண்ணைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன தெரியும், எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்ட அன்றைக்குத் தன் தட்டோடு என் வீட்டுக்காரர் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவே எனக்குப் போதும் என்றாள். படிக்கிற புத்தகத்துக்காக என்னைப் பிடிக்காமல் போனால் பரவாயில்லை, என் பையனுக்கு அதில் பங்கில்லை, அவன் படிப்பதெல்லாம் லிஃப்ட் கம்பெனிக்காரன் கொடுக்கிற கையேடுதான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கார் ஒரு திருப்பத்தைத் தாண்டியது. பிறகு பிரேக் டீச்சர் கண்ணாடியைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பையனைப் பத்தி நீங்க சொன்னதை நான் பெரிசா எடுத்துக்கலை. பொண்ணுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் குத்திடுச்சு. தனியா வளர்த்தவ நான். அவளுக்கு வேற என்ன சொல்லித் தந்தேன்? பிரேக் எங்க இருக்குன்னு மட்டும்தான் சொல்லித் தந்தேன்."

சலவைக்கடையம்மா முன் இருக்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மன்னிச்சுடுங்க என்றாள். முதல்தடவையாக அவளிடம் வேறு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

"அன்னிக்கு லிஃப்ட்டுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்றார் பிரேக் டீச்சர்.

தெரியாது. மகன் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு பெண் உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று பிரேக் டீச்சர் சொன்னார். நோயாளி பயந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டார். பெண் உடனே அவசர மணியை அடித்தாள். உங்கள் பையன் உள்ளே இல்லை, வெளியே இருந்தான். கதவைக் கம்பியால் நெம்பும் முன்பு, வெளியிலிருந்து பேசியிருக்கிறான். இப்போது மேலே ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சுத்தியலால் தட்டினான். இப்போது ஒரு குலுக்கு குலுக்கும், நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கினான். கடைசியில் எல்லாம் சரியானதும், கதவைத் திறக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். நோயாளியின் புடவை விலகியிருந்தது, பெண் ஒரு நிமிஷம் என்றாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சரி என்ற பிறகுதான் திறந்தான்.

"அத்தனை நேரமும் ரெண்டு பேரும் கதவுக்கு ரெண்டு பக்கம்" என்றார் பிரேக் டீச்சர். "முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாலயே என் பொண்ணு முடிவு பண்ணிட்டாளாம். அதுக்குத்தான் நானும் சரின்னு இருந்தேன்."

சலவைக்கடையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாவல் படித்து, இத்தனை லிஃப்ட் பார்த்து, இப்படி ஒன்று எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இது பட்டா, கம்பளியா, பருத்தியா என்று பழக்கத்தில் மனசு கணக்குப் போட்டது. எதிலும் சேரவில்லை. இதற்கு இஸ்திரிப்பெட்டியே வேண்டாம். வெயிலில் காய்ந்து வந்த துணி மாதிரி, தானாகவே கதகதப்பாக இருந்தது.

அதைச் சொல்லியும்விட்டாள். பட்டு, கம்பளி என்றால் என்ன என்று பிரேக் டீச்சர் கேட்க வேண்டிவந்தது. விளக்கத்தோடு மறுநாள் காலைப் பரீட்சையையும் இறக்கைக்காரன் கதையையும் கேட்டுவிட்டு அவர் கையைப் பின்னால் நீட்டினார். புத்தகம் கைமாறியது. சாட்சிக்கு என்னிடம் இருக்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று இவள் கேட்டதற்கு, வராமல் இருப்போமா, நாங்கள் இனிப்புக்குச் சொல்லிவைத்துவிட்டோமே என்றார்.

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். கார் நின்றிருந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருந்த சின்ன இடத்தில், ஓரக்கல்லை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி நின்றிருந்தது. பல் டாக்டர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்ட கவனத்தில் கை தானாக ஓட்டிவிட்டது என்றார். பிரேக் டீச்சரின் காலுக்கு வேலையே வரவில்லை.

சனிக்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம். மகனும் உதவிக்கு வந்திருந்தான். பிரேக் டீச்சர் திரும்பக் குழுவில் சேர்ந்துவிட்டார் என்று முந்தின நாளே தெரிந்து, சலவைக்கடையம்மா காற்றில் நடந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரரின் ஃபோன் எப்போதும் போல் கல்லாப்பெட்டிக்குள் கிடந்தது. இரு வீட்டார் குழுவில் ஏதோ வந்து அது பீப் என்றது. அவர் அதை எடுத்து, எதை அமுக்குவது என்று தெரியாமல் எதையோ அமுக்கினார். பிரேக் டீச்சரின் குரல், வகுப்பெடுக்கிற அதே குரல், கடை முழுக்க ஒலித்தது.

"சம்பந்தியம்மா, முழுசாப் படிச்சுட்டேன். அந்தப் பையன் கார் ஓட்டற லட்சணத்தைப் பார்த்தீங்களா? ஒரு கையால ஓட்டறான், இன்னொரு கை அவ முழங்கால்ல. வளைவுல இண்டிகேட்டர் போடறதில்லை. மழையில வண்டியை ஓரமா நிறுத்தி முத்தம் கொடுக்கறான், பார்க்கிங் விளக்கு போட்டானா? லைசன்ஸைப் பிடுங்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க பாதியில மூடினது தப்பு. முடியறதுக்குக் கொஞ்சம் முன்னால அவளுக்குக் காய்ச்சல் வருது. காலையில எழுந்து வெந்நீர் வச்சு, ஆறவச்சு, சூடு பார்த்துக் கொடுக்கறான். கேட்டுட்டுத்தான் நெத்தியில கையே வைக்கறான். உங்க பரீட்சையில பாஸ். திரும்பப் படிங்க. அப்புறம் இறக்கை வச்ச பையன் ஒருத்தன் இருக்கானாமே, நாளைக்கு வரும்போது எடுத்து வைங்க. டாக்டரும் கேட்கறார்."

வாடிக்கையாளர்கள் துணிப்பையோடு அசையாமல் நின்றார்கள். வீட்டுக்காரர் ஃபோனைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்து, பழுப்புக் காகிதச் சுருளை எடுத்து அளவாகக் கிழிக்க ஆரம்பித்தார். சலவைக்கடையம்மா ஒரு நல்ல பையனைப் பாதியிலேயே வேண்டாம் என்று சொன்ன பாவத்துக்குக் கடவுளிடம் அவசரமாக மன்னிப்புக் கேட்டாள். இதற்கு எந்தக் குழு என்று சம்பந்தியம்மாவுக்குச் சொல்லித் தந்துவிடலாமே, நாத்தனாரையும் என்னையும் சேர்த்து மூன்று பேராகிவிடலாமே என்று யோசிக்கும்போது, மகனின் காது ஆஸ்பத்திரி லிஃப்டின் அவசர விளக்கு மாதிரி சிவந்திருப்பதைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் ஃபோனில் ஏதோ அமுக்கினான்.

மாப்பிள்ளை குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்தது.

அடுத்த நிமிஷமே இன்னொரு வரி வந்தது. பெண் அவனை மறுபடியும் சேர்த்திருந்தாள். சேர்ப்பதற்கு முன்னால், சேர்க்கட்டுமா என்று கேட்டாளாம். அவன் சரி என்றானாம்.